வரவில் எழுதாத காசு

2014ஆம் ஆண்டு எங்கட பள்ளிக்கூட உதைபந்தாட்ட அணியின் கணக்கை எழுதினது நான். அடுத்த வருசம் அந்த அணி இல்லை. அதை இல்லாமல் ஆக்கினதே நான் எழுதின கணக்குத்தான் என்று பத்து வருசமாக நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் ஊருக்குப் போன இடத்தில்தான் எங்கே பிழைவிட்டேன் என்று பிடிபட்டது.

அணியில் நான் பதினாறாவது ஆள். பதினாறாவது ஆளுக்கு மைதானத்தில் வேலை இல்லை. தண்ணிப் போத்தல் நிரப்புவது, கழட்டிப் போட்ட சேட்டுகளைக் காவல் காப்பது, பந்து வேலிக்கு வெளியே போனால் ஓடிப்போய் எடுப்பது, இவ்வளவும்தான். ஆனால் நான் வணிகப் பிரிவு. கணக்கீடு ஒரு பாடம். "நீ விளையாடுறதைவிடக் கணக்கு நல்லாச் செய்வாய்" என்று சொல்லி சேர் எண்பது பக்கக் கொப்பி ஒன்றைக் கையில் தந்தார். கொஞ்சம் நொந்ததுதான். இருந்தாலும் கொப்பிக்கு உறை போட்டு, 'பெறுவனவு கொடுப்பனவுக் கணக்கு' என்று சிவப்புப் பேனையால் தலைப்பு எழுதி, அடியில் இரட்டைக்கோடும் அடித்தேன்.

நெடுந்தீவுக்கு வராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணை, அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு என்று பாலமும் றோட்டுமாகக் குறிகட்டுவான் வரை பஸ்ஸில் வரலாம். அதோடு தரை முடிஞ்சுது. அங்கிருந்து நயினாதீவுக்குப் போறவைக்கு இருபது நிமிசத்துக்குள்ளே அலுவல் முடியும். எங்களுக்கு ஒரு மணித்தியாலம். சோளகம் எழும்பினால் அந்த ஒரு மணித்தியாலம் எவ்வளவு நீளும் என்று படகோட்டிக்குத்தான் தெரியும். பார்க்க வாறவை குதிரையையும் பெருக்கமரத்தையும் பவளக்கல் வேலியையும் படம் எடுத்துக்கொண்டு பின்னேரப் படகில் திரும்பிவிடுவினம். நாங்கள் அங்கேயே இருக்கிற ஆக்கள். எங்களுக்கு ஒரு மட்ச் விளையாடவேண்டும் என்றால் முதலில் கடல் விடவேண்டும்.

வலய மட்டப் போட்டி என்றால் வேலணைப் பக்கமோ ஊர்காவற்றுறைப் பக்கமோ நடக்கும். அது பரவாயில்லை. விடியப் போய் பின்னேரம் வரலாம். அதில் வென்று மேலே போனால்தான் கஷ்டம். யாழ்ப்பாணத்தில் பின்னேரம் நாலு மணிக்கு மட்ச் தொடங்கினால் முடிய ஐந்தரை. பிறகு பஸ் பிடித்துக் குறிகட்டுவானுக்கு வர இருட்டிவிடும். கடைசிப் படகு எப்பவோ போயிருக்கும். அதனால் ஒரு இரவு தங்கவேண்டும். எங்களோடு விளையாடுகிற பட்டினத்துப் பொடியள் மட்ச் முடிஞ்சு சைக்கிளில் வீட்டுக்குப் போய், முகம் கழுவி, புட்டுச் சாப்பிட்டுவிட்டு ரியூசனுக்குப் போவான்கள். எங்களுக்கு ஒரு மட்ச் என்பது இரண்டு நாள் பயணம். வெல்ல வெல்லச் செலவு கூடும். தோற்றால் மிச்சம்.

அந்த வருசம் நாங்கள் வென்றோம். அப்பிடியொரு பயணத்தின் பக்கம் கொப்பியில் இப்பவும் இருக்கு:

பஸ் (18 பேர், போக வர) – 2,160
படகு டீசல் – 1,500
மத்தியானச் சாப்பாடு – 1,800
ஐஸ், பன்டேஜ் – 240
மொத்தம் – 5,700

வரவுப் பக்கத்தில் ஒரேயொரு வரி: 'வெளிநாட்டுப் பழைய மாணவர் உதவி'. அந்தக் காசைப் பரிசிலிருந்தும் லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் எங்கட ஊர் மாமாமார் சேர்த்து அனுப்பினவை. உண்டியலுக்கு வேறு பெயர் வந்தாலும் எங்கட பள்ளிக்கூடங்களின் உண்மையான நிதியமைச்சு அதுதான்.

அதே வருசம் வகுப்பில் 'நன்மதிப்பு' என்ற பாடம் படித்தோம். ஒரு கடையின் கட்டடம், தளபாடம், சரக்கு எல்லாவற்றுக்கும் விலை போட்டுக் கூட்டினால் பத்து இலட்சம் வருகிறது. ஆனால் ஒருவர் பதின்மூன்று இலட்சம் குடுத்து அந்தக் கடையை வாங்குகிறார். மேலதிகமாகக் குடுத்த மூன்று இலட்சம் எதுக்கு? கடையின் பெயருக்கு. சனம் பழகிப்போனதுக்கு. அதுதான் நன்மதிப்பு. மிஸ் ஒரு விசயத்தை அழுத்திச் சொன்னவா: ஒரு நிறுவனம் தானாகக் கட்டியெழுப்பின நன்மதிப்பைத் தன்ர கணக்கில் சொத்தாகக் காட்ட ஏலாது. யாராவது வந்து விலைக்கு வாங்கினால் மட்டும்தான் அது கணக்கில் ஏறும். அதுவும் வாங்கினவரின் கணக்கில்.

அப்ப எனக்கு அது சோதனைக்கு வாற ஒரு கேள்வி மட்டும்தான்.

அடுத்த தைமாதம் மாமாமார் வருசக் கணக்குக் கேட்டார்கள். நான் மிக அழகாகச் செய்து குடுத்தேன். மொத்தச் செலவு, ஒரு மட்சுக்கான சராசரிச் செலவு, ஒரு வீரனுக்கான செலவு எல்லாம் தசமத்தில் போட்டிருந்தேன். சேருக்கே பெருமை. அந்தத் தாளை அதிபர் ஸ்கான் பண்ணி அனுப்பினார்.

ஒரு கிழமைக்குள்ளே பதில் வந்தது. லண்டனில் இருக்கிற ஒரு மாமா ஸ்பீக்கரில் கதைத்தார். அதிபரின் மேசையைச் சுற்றி நாங்கள் நின்று கேட்டோம்.

"சேர், குறை நினைக்காதையுங்கோ. கணக்கைப் பார்த்தன். முழுக்கச் செலவு. உதைபந்தாட்டத்தால எத்தினை பேர் கம்பசுக்குப் போயிருக்கிறாங்கள்? இந்தக் காசுக்கு விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் யாழ்ப்பாணத்தில இருந்து ரண்டு ரீச்சரைச் சனி ஞாயிறு கூப்பிடலாம். படகுக் காசும் நாங்களே தாறம்."

யாரும் மறுத்துப் பேசவில்லை. எப்பிடிப் பேசுறது? அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கட தீவில் கணித ஆசிரியர் வருவதும், வந்த ஆசிரியர் இடமாற்றம் எடுத்துப் போவதும் பெரிய கதை. சேர் மட்டும் வெளியே வந்து, மதிலில் சாய்ந்துகொண்டு, "கணக்கு நல்லாத்தான் செய்திருக்கிறாய்" என்றார். பாராட்டுற மாதிரி இருக்கவில்லை.

அணி அப்பிடித்தான் நின்றது. சண்டை இல்லை, அறிவித்தல் இல்லை. அடுத்த வருசம் பந்து பழுதானபோது புதுப் பந்து வரவில்லை. அவ்வளவுதான்.

எங்கட சென்ரர் போர்வேர்ட் அதுக்கு முதலே போய்விட்டான். வலயப் போட்டியில் அவன் விளையாடினதைப் பார்த்து பட்டினத்துப் பள்ளிக்கூடம் ஒன்று விடுதி வசதியோடு எடுத்தது. அவன்ர தகப்பன் கடற்றொழில். மூன்று வேளைச் சாப்பாட்டோடு பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் என்றால் யார் வேண்டாம் என்பார்? நாங்களும் சந்தோசமாகத்தான் அனுப்பினோம். வடக்கில் உதைபந்தாட்டத்துக்குப் பெயர் எடுத்த பள்ளிக்கூடங்கள் பல இருக்கு. யாழ் புனித பத்திரிசியார், இளவாலை புனித ஹென்றியரசர், பெண்கள் என்றால் தெல்லிப்பழை மகாஜனா. அந்தப் பெயர்களைக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். ஆனால் சின்னப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒருத்தன் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அவனை வளர்த்த செலவுக்கு ஒரு சல்லியும் திரும்பி வராது. உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபீஃபாவிடம் இதுக்கு ஒரு விதி உண்டு. ஒப்பந்தத்தில் இருக்கிற தொழில்முறை வீரரை இன்னொரு கழகம் காசு குடுத்து வாங்கினால், அந்தக் காசில் 5 வீதம், அவரை 12 வயதிலிருந்து 23 வயதுவரை பயிற்றுவித்த கழகங்களுக்குப் பிரித்துக் குடுக்கவேண்டும். 12 வயதில் பந்து உதைக்கக் காட்டிக்குடுத்தவருக்கும் பங்கு உண்டு என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். நல்ல விதி. என்ன, அது வேலைசெய்ய முதலில் யாரோ காசு குடுத்து வாங்கவேண்டும். திரும்பவும் அதே நன்மதிப்புப் பாடம்தான்.

இப்ப நான் கொழும்பில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மற்றவர்களின் கணக்கில் பிழை பிடிப்பதுதான் தொழில். நிறுவனங்களுக்கு எப்பிடி விலை மதிப்பிடுவது என்று படித்துக்கொண்டிருந்தபோதுதான் அமெரிக்காவின் கல்லூரி ஃபுட்போல் பற்றி வாசித்தேன். அது எங்கட விளையாட்டு இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதுதான் அதில் கூட. ஆனால் பல்கலைக்கழக மாணவர்கள் விளையாடுகிறார்கள், பழைய மாணவர்கள் கொடி பிடிக்கிறார்கள், ஊரே திரண்டு வருகிறது. அந்த அளவில் எங்கட பிக் மட்ச் மாதிரித்தான்.

மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் 107,601 பேர் இருக்கலாம். எங்கட தீவுச் சனம் முழுக்க ஐயாயிரத்துக்கும் குறைவு. அந்த மாதிரி இருபது தீவை அப்பிடியே தூக்கிக்கொண்டுபோய் இருத்தினாலும் கதிரை மிஞ்சும். அங்கே ரயன் புரூவர் என்ற நிதித்துறைப் பேராசிரியர், இந்தக் கல்லூரி அணிகளைத் தொழில்முறைக் கழகங்கள் போலச் சந்தையில் விற்றால் என்ன விலை போகும் என்று 'வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல்' பத்திரிகைக்காகக் கணக்குப் போட்டவர். ஒருமுறை ஒஹாயோ ஸ்டேட் அணிக்கு அவர் போட்ட விலை ஏறத்தாழ 150 கோடி டொலர். நன்றாகக் கவனியுங்கள். அந்த அணி விற்பனைக்கு இல்லை. ஒரு பல்கலைக்கழகம் தன் அணியைச் சந்தையில் விற்பதில்லை. ஆனாலும் கணக்குப் போடலாம். தொலைக்காட்சி ஒப்பந்தம், ரிக்கெற், சீருடை விற்பனை, நன்கொடை என்று ஒவ்வொரு வருசமும் வாற காசைப் பார்த்து, இனிமேல் வரப்போகிறதையும் சேர்த்து விலை போடுகிறார்கள். அந்தக் காசு எவ்வளவு என்றால், 2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் ஜிம்போ பிஷர் என்ற தன் பயிற்சியாளரை இடையில் நிப்பாட்டியபோது, ஒப்பந்தப்படி ஏழரைக் கோடி டொலருக்கு மேல் குடுக்கவேண்டி வந்தது. வேலை செய்யாமல் இருக்கிறதுக்கு!

வாசித்தபோது முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஒரு விசயம் உறுத்தியது. இவ்வளவு வரவுக்கும் நடுவில் விளையாடுகிற பொடியனுக்கு எவ்வளவு? நெடுங்காலமாகப் புலமைப்பரிசிலும் தங்குமிடமும் சாப்பாடும்தான். அவன் மாணவன், தொழிலாளி இல்லை, அதனால் சம்பளம் இல்லை என்பதே விதி. கல்வியோடு சேர்ந்த சலுகைகளுக்குக்கூட அந்த விளையாட்டுச் சங்கம் உச்சவரம்பு வைத்திருந்தது. அதை 2021 யூனில் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தள்ளுபடி செய்தது. அடுத்த மாதத்திலிருந்து வீரர்கள் தங்கட பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் உழைக்கலாம் என்றானது. 2025 யூனில்தான், பல்கலைக்கழகங்கள் தங்கட வருமானத்தில் வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு குடுக்கலாம் என்ற இணக்கப்பாட்டுக்கு நீதிமன்றம் அனுமதி குடுத்தது. முதல் வருசத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் ஏறத்தாழ 2 கோடி 5 இலட்சம் டொலர் வரை குடுக்கலாம். முன்னைய வீரர்களுக்கான நிலுவையாக ஏறத்தாழ 280 கோடி டொலர் பத்து வருசத்தில் குடுபடவேண்டும்.

அப்பிடியென்றால் அவ்வளவு காலமும் அந்தக் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருந்தது. வரவெல்லாம் சரியாக எழுதினார்கள். அந்த வரவை உழைத்துக் குடுத்தவனின் உழைப்புக்கு மட்டும் வரி இல்லை. கணக்காய்வாளன் ஒருத்தனுக்கு இது உறைக்காமல் இருக்குமா? கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாக இருக்கும்போதுதான், எழுதாமல் விட்டது என்ன என்று தேடவேண்டும். வேலையில் எங்களுக்கு முதல் சொல்லித்தருகிற பாடம் அதுதான். என்ர கொப்பியில் அதை நான் ஒருநாளும் தேடிப் பார்த்ததில்லை.

எங்கட பக்கத்திலும் விளையாட்டால் காசு புரளுகிற பள்ளிக்கூடங்கள் இல்லாமல் இல்லை. யாழ் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904இலிருந்து ஆடிவருகிற கிரிக்கெற் போட்டி, 'வடக்கின் பெரும் போர்', மார்ச் மாதத்தில் மூன்று நாள் பட்டினத்தையே நிறைக்கும். கொழும்பில் றோயல், சென் தோமஸ் கல்லூரிகளின் போட்டி அதைவிடப் பழையது. அனுசரணை, மலர் விளம்பரம், ரிக்கெற், பழைய மாணவர் விருந்து என்று அங்கே நன்மதிப்பை வாங்க ஆள் இருக்கு. ஒரு கம்பனி தன்ர பெயரைப் பதாகையில் போடக் காசு குடுக்கிற அந்த நிமிசத்தில் பள்ளிக்கூடத்தின் பெயருக்கு ஒரு விலை வந்துவிடுகிறது. மாவிலித்துறையில் பதாகை கட்டினால் யார் பார்ப்பினம்? படகுக்கு நிக்கிற நாற்பது பேர்.

போன மாதம் லீவில் ஊருக்குப் போனேன். குறிகட்டுவானில் படகுக்கு நிக்கும்போது எங்களை அப்ப ஏற்றிக்கொண்டு போன படகுக்கார ஐயாவைக் கண்டேன். வயது போய்விட்டது. இப்ப மகன்தான் ஓடுறார். என்னைக் கண்டதும், "என்ன கணக்குப்பிள்ளை, காற்சட்டை எல்லாம் பெரிசாப் போச்சு" என்றார். பக்கத்தில் இருந்து பழைய கதை கதைத்தோம். கதைக்குள்ளே நான் சும்மா கேட்டேன், "ஐயா, அப்ப எங்களட்ட டீசல் காசு மட்டும்தானே வாங்கினனீங்கள். உண்மையில அந்தப் பயணத்துக்கு என்ன எடுத்திருப்பியள்?"

அவர் யோசித்தார். "அண்டைக்கு வேற ஆக்கள் எண்டால் போக வர எண்ணாயிரத்துக்குக் குறையாது. அடுத்த நாள் விடிய உங்களை ஏத்த எண்டே வெறும் படகா வந்தனான் எல்லே."

வெறும் படகாக வந்தவர். அது எனக்கு அண்டைக்குத் தெரியாது. வழமையான படகில் பதினெட்டுப் பேரும் பையளும் ஏறினால் சனத்துக்கு இடம் இருக்காது என்று அவரே தன் படகைத் தந்தவர் என்பது மட்டும் தெரியும்.

அண்டு இரவு வீட்டில் கொப்பியைத் தேடி எடுத்தேன். அம்மா அதைப் பழைய பாஸ் பேப்பர்களோடு ரங்குப்பெட்டியில் வைத்திருந்தவா. 5,700 ரூபாய்ப் பக்கத்தை விரித்து, கீழே பென்சிலால் எழுதத் தொடங்கினேன்.

படகு: எண்ணாயிரத்தில் டீசல் 1,500 போக, அவர் வாங்காமல் விட்டது 6,500. இரவு தங்கினது நாவாந்துறையில், எங்கட கோல்கீப்பரின் பெரியம்மா வீட்டில். விறாந்தை, முத்தம், பக்கத்து வீட்டுத் திண்ணை எல்லாம் பாயாக விரித்துப் படுத்தோம். பதினெட்டுப் பேருக்கு மிக மலிவான இடத்தில் தலைக்கு 200 என்றாலும் 3,600. இரவு கூழ், விடியத் தேத்தண்ணி, பாண், சம்பல். தலைக்கு 150 போட்டால் 2,700. அந்தப் பெரியம்மா இரவு பத்து மணிக்கு மீன் வாங்கப் போனவா. அதுக்கு என்ன போடுறது என்று தெரியவில்லை. விட்டுவிட்டேன். சேர் இரண்டு நாளும் எங்களோடு நின்றதுக்கும் ஒன்றும் போடவில்லை.

கூட்டினேன். 12,800.

பதிந்தது 5,700. பதியாமல் விட்டது 12,800. பள்ளிக்கூடம் ஒரு ரூபா போட்டால் ஊர் இரண்டு ரூபாவுக்கு மேல் போட்டிருக்கு. ரசீது இல்லாததால் நான் அதை எழுதவில்லை. இலாப நோக்கற்ற அமைப்புகளின் கணக்கில், காசாக வராத உதவியையும் மதிப்பிட்டுக் காட்ட வழி இருக்கு என்று பிறகுதான் படித்தேன். பதினெட்டு வயதில் அது தெரியாது. அதனால் மாமாமார் பார்த்த கணக்கில் அந்த அணி அவையின்ர காசை மட்டும் தின்றுகொண்டு நின்றது. அவை காசு போட்டதால்தான் ஒரு படகும் ஒரு வீடும் ஒரு ஒழுங்கையும் சேர்ந்து இழுத்தன என்பது எந்தப் பக்கத்திலும் இல்லை. அமெரிக்காவில் வரவை எழுதி உழைப்பை விட்டார்கள். நான் செலவை எழுதி உதவியை விட்டேன். இரண்டிலும் விடுபட்டது காசு வாங்காமல் நின்ற ஆக்கள்.

அடுத்த நாள் ஐயாவிடம் போய் இதைச் சொன்னேன். சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

"எழுதாத தம்பி."

"ஏன் ஐயா? உங்கட காசுதானே."

"காசெண்டு எழுதினால் அது கடன். பிறகு ஆரோ ஒருத்தன் திருப்பித் தர வருவான். நான் கடன் குடுக்கேல்ல. பொடியள் மட்சுக்குப் போனாங்கள், ஏத்தினன்."

மூன்று நாளாக இது மண்டைக்குள்ளே நின்றது. எழுதாவிட்டால் மாமாமார் பார்க்கிற கணக்கில் ஐயா இல்லை. எழுதினால் ஐயா பார்க்கிற கணக்கில் அவர் குடுத்தது கொடையாக இராது. இரண்டு பேரும் சரி. எந்தப் பாடப்புத்தகத்திலும் இதுக்கு விடை இல்லை.

இன்னொரு விசயத்தையும் சொல்லவேண்டும். எங்கட அந்த சென்ரர் போர்வேர்ட் இப்ப பரிசில். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்க் கழகங்களின் சுற்றுப்போட்டியில் விளையாடுகிறான். முகநூலில் படம் போடுவான். நெஞ்சில் எங்கட தீவின் பெயர் அடித்த சீருடை, பின்னால் அனுசரணை செய்த கடையின் பெயர், கையில் கிண்ணம். அந்தச் சீருடைக்கும் மைதான வாடகைக்கும் காசு சேர்க்கிறவர்களில் எங்கட பழைய மாணவர் சங்க மாமாமாரும் இருக்கினம். முதல் அதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. இங்கே பந்து வாங்கக் காசில்லை, அங்கே ஊர்ப் பெயரை நெஞ்சில் அடிக்கக் காசு இருக்கோ? பிறகு யோசித்தால், அவர்கள் வாங்கிறது அந்தப் பெயரைத்தான். ஊரை விட்டுப் போன ஒருத்தர் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலம் ஊர்க்காரனாக இருக்கக் குடுக்கிற விலை அது. எங்கட நன்மதிப்பு விலைபோகிற ஒரே சந்தை பரிசிலும் லண்டனிலும்தான் இருக்கு. கணக்கீட்டு மிஸ் சொன்னமாதிரி, வாங்கினவரின் கணக்கில் அது ஏறுது. கட்டியெழுப்பின இடத்தில் ஏறவில்லை.

கொழும்புக்குத் திரும்பினபிறகு ஒரு தாள் தயாரித்தேன். இடப்பக்கம் பழைய 5,700 அப்பிடியே. வலப்பக்கம் ரூபாய் இல்லாமல் இப்பிடி எழுதினேன்: ஒரு படகு, இரண்டு தரம். ஒரு வீடு, ஒரு இரவு, பதினெட்டுப் பாய். கூழ் ஒரு பானை. ஒரு ஆசிரியர், இரண்டு நாள். பெயர் ஒன்றும் போடவில்லை. கூட்டுத்தொகையும் போடவில்லை. விலை தெரிந்தவர்கள் தாங்களே கூட்டிப் பார்க்கட்டும். இது சரியான கணக்கீட்டு முறையா என்று என்ர மேலதிகாரியிடம் கேட்டால் சிரிப்பார். ஐயா கோபிக்கமாட்டார் என்று மட்டும் நினைக்கிறேன்.

லண்டன் மாமாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நாளாக நீலக் கோடு மட்டும். மூன்றாம் நாள் இரவு வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போகிற வழியில் எடுத்தார்.

"உன்ர கடுதாசி பார்த்தன். நாவாந்துறை வீட்டில நாங்களும் ஒருக்காப் படுத்திருக்கிறம். எண்பத்திரண்டில. அது அந்தப் பெரியம்மாவின்ர தாய்." கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நான் அண்டைக்குச் சொன்னது பிழையெண்டு சொல்லமாட்டன் தம்பி. நான் பதினேழு வயதில வெளிக்கிட்டவன். படிச்சிருந்தால் எண்டு நான் நினைக்காத நாளில்லை."

"விளங்குது மாமா. ரியூசனை நிப்பாட்டச் சொல்லேல்ல. அதால ரண்டு பேர் கம்பசுக்குப் போயிருக்கிறாங்கள்."

"ம். இப்ப விளையாடுற வயதில எத்தினை பொடியள் இருக்கிறாங்கள்?"

உண்மையைச் சொன்னேன். பதினொரு பேர் சேராது. பெட்டையளையும் சேர்த்தால் இரண்டு ஏழுபேர் அணி தேறும். பெட்டையள் பின்னேரத்தில் வலைப்பந்துக் கம்பத்துக்குப் பக்கத்தில் பழைய ரெனிஸ் பந்தை உதைத்துக்கொண்டு நின்றதைப் போன மாதம் கண்ணால் கண்டேன்.

மறுபக்கம் பஸ் சத்தம் கேட்டது. அவர் ஏறி இருந்துவிட்டார் போல.

"சரி. அஞ்சாம் நம்பர் பந்து ஒண்டு அங்க இப்ப என்ன விலை?"